பென்சில் மேல் பேனா

இந்த முறை பயிற்சிக்கு வந்திருப்பவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் பதினோரு பேர். அதனால் தைரியமாகத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். மற்றவர்களுக்கு நீங்கள் படித்துச் சொல்லிவிடுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளை எப்படி மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதை மூன்று மாதமாக உங்கள் தலையில் ஏற்றியாகிவிட்டது. சனிக்கிழமையோடு எனக்கு ஓய்வு. போவதற்கு முன், இத்தனை நாள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

உங்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், அங்க பாஷை தெரியாம எப்படி சமாளிச்சீங்க?" நானும் பெரிய சாதனைக்காரி போலச் சிரித்துக்கொண்டு ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், இஸ்ரேலில், பாஷை தெரியாத ஊரில் எட்டு வருடம் இருந்தும் சொல்லும்படியான தப்பு எதுவும் நான் செய்யவில்லை. பாஷை நன்றாகத் தெரிந்த இடத்தில்தான் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அது இதே ஹைதராபாத்தில், சனத்நகரில் நடந்தது.

அப்போது மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் மாதம் ஒரு பையன் அமெரிக்கா போனான். அவன் அம்மா ஸ்வீட் டப்பாவோடு வீடு வீடாக வருவாள். நானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு "நல்லா இருக்கட்டும்க்கா" என்பேன். வயிறு எரியும். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, எனக்கு இயல்பிலேயே பொறாமை கொஞ்சம் தூக்கல். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பாலாநகர் பட்டறையை அந்த வருடம்தான் இழுத்து மூடினார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள். அவரை நம்பி விருதுநகரிலிருந்து வந்த எனக்குத் திரும்பிப் போக அங்கே யாரும் இல்லை.

சனத்நகரில் ஒரு பழைய பங்களா முதியோர் இல்லமாக நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். நான் அதில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். நடத்தியவர் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். பெயர் வேண்டாம். நாங்களும் பெயர் சொல்லி அறிந்ததில்லை, சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாலு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பெரியவரின் கட்டில் தலைமாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். சாப்பிட்டது, மாத்திரை, ஒன்றுக்குப் போனது, இரண்டுக்குப் போனது எல்லாவற்றையும் நேரம் போட்டு அதில் எழுத வேண்டும். நாம் கண்ணால் பார்த்ததைப் பேனாவில் எழுதலாம். பெரியவர் தன் வாயால் சொன்னதைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். "அவங்க பொய் சொல்றாங்கன்னு இல்லே மா. மறந்துடுவாங்க, வெக்கப்படுவாங்க. பென்சில்ல இருக்கிறத நம்பி நான் ஊசி எடுக்க மாட்டேன்" என்பார் சிஸ்டர். பேனாவில் ஒன்று இருந்தால் அந்த வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்கக் கூடாது.

அந்தச் சமயத்தில் இஸ்ரேலில் வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் சிஸ்டரிடம் வந்தார். எங்கள் இல்லத்திலிருந்து ஒரே ஒருத்தி போகலாம், சிஸ்டர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவள் போகலாம் என்று பேச்சு. கண்ணுக்குத் தெரிந்த வரையில் இரண்டு பேர்தான் போட்டி. ஒருத்தி நான். இன்னொருத்தி மல்லாபூரிலிருந்து வந்துகொண்டிருந்த சுகுணா. தெலுங்குப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். புருஷன் விட்டுவிட்டுப் போய், ஒரு பெண்குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த அவசரம் அவளுக்கும் இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவளைப் பிடிக்கவில்லை.

சிஸ்டர் எங்கள் இருவருக்கும் ஒரே பெரியவரை ஒரு மாதத்துக்கு ஒப்படைத்தார். வரதராஜன் என்று பெயர். பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தவர். மனைவி இல்லை, மகன் அமெரிக்காவில். ஞாபகம் வருவதும் போவதுமாக இருந்தது. தெலுங்கும் இந்தியும் சுத்தமாக மறந்துபோய், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், எதுக்கு என்பதற்குக் கைக்கு என்று வரும் செகந்திராபாத் தமிழ் மட்டும் மிச்சம் இருந்தது. காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான், இரண்டிலிருந்து இரவு பத்து வரை சுகுணா. அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு இது லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. இனி என்ன, டிக்கெட் கைக்கு வந்தாயிற்று என்று வீட்டில் சொல்லியே விட்டேன்.

ஒரே வாரத்தில் என் முகம் சுருங்கியது. ஐயா என்னோடு மணிக்கணக்கில் பேசினார். மெஷின் கதை, யூனியன் கதை, பரேட் மைதானத்தில் ஹாக்கி ஆடிய கதை எல்லாம் வரும். ஆனால் நகம் வெட்டக் கையைக் கேட்டால் "நக்கோ மா, அப்பறம்" என்று இழுத்துக்கொள்வார். சுகுணா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். பத்து விரலும் முடிந்திருக்கும். சவரத்துக்கு அவளிடம் மட்டும் கன்னத்தைக் காட்டுவார். அவளை "மகாராணி" என்று கூப்பிட்டார். என்னை "டீச்சர்" என்றார். "கேள்வியா கேக்கிறே மா நீ. சாப்டீங்களா, தூங்கினீங்களா, போனீங்களா. இஸ்கூல் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே கொதிக்கும்.

என் வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஆனால் போக மாட்டேன். துணி மடிக்கிறேன், பாத்திரம் ஒதுக்குகிறேன் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த அறை வாசலைச் சுற்றிச் சுற்றி வருவேன். அவள் அவருக்கு என்ன செய்கிறாள், அவர் எத்தனை தடவை சிரிக்கிறார் என்று பார்ப்பேன். எண்ணியும் வைத்திருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு ஐயா கோலை ஊன்றிக்கொண்டு பாத்ரூம் போனார். நான் வழக்கம் போல வெளியே திரும்பி நின்றேன். வயதான ஆண்பிள்ளை, நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்பது என் நினைப்பு. வெளியே வந்தவரிடம், "ஒண்ணுக்குப் போனீங்களா ஐயா?" என்றேன். "ஹவ் மா, போயாச்சு" என்றார். பதினொரு மணிக்கும் அதே கேள்வி, அதே பதில். அட்டையில் இரண்டு முறையும் பென்சிலில் எழுதினேன். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டு மணிக்கு சுகுணா வந்தாள். ஐயாவைப் பார்த்தாள், பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தாள், வெளியே வந்து அட்டையைப் பார்த்தாள். நாங்கள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வோம். புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, இவர் போகலைன்னு தோணுது. நேத்து சாயங்காலம் யூரின் பாட்ல கொஞ்சமாத்தான் போனார். உள்ள தரை காய்ஞ்சு கெடக்கு."

"அவரே சொன்னாருடி. ரெண்டு தடவை சொன்னாரு."

"லேதக்கா, போயிருக்க மாட்டார். பனியனை இழுத்துக்கிட்டே இருக்கார், பாருங்க. எதுக்கும் சிஸ்டர்கிட்ட சொல்லிடலாம்."

சிஸ்டர் என்ற பேச்சு காதில் விழுந்ததும் எனக்குச் சுரீரென்றது. பெயர் சொல்ல இரண்டு நாள்தான் இருக்கிறது. என் நேரத்தில் நடந்த குறையை இவள் கண்டுபிடித்துச் சொன்னதாக ஆகிவிடும். "அவர் பேசுறதுல ஒரு வார்த்தை ஒனக்குப் புரியுமா? எங்கிட்ட அவரு வாயத் தொறந்து சொல்றாரு, நீ பனியனைப் பாத்து ஜோசியம் சொல்ற" என்றேன். அவள் முகம் சிவந்தது. ஐயாவின் மாத்திரையை எடுத்துவர உள்ளே போனாள். அந்த ஒரு நிமிடத்தில் நான் அட்டையை எடுத்து, என் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதினேன். எட்டு மணி, போனார். பதினொரு மணி, போனார்.

அவள் திரும்பி வந்து அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனா எழுத்தைக் கேள்வி கேட்க அந்த வீட்டில் வழியில்லை. சிஸ்டரிடமும் அவள் போகவில்லை.

நாலு மணிக்கு ஐயா கத்தத் தொடங்கினார். நான் துணி மடிக்கும் சாக்கில் வராந்தாவில்தான் இருந்தேன், ஓடிப் போனேன். வேர்த்துக் கொட்டியது. கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "என்ன செய்யுது ஐயா? எங்க வலிக்குது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லே, ஒண்ணும் இல்லே, வெளியே போ" என்று கையை ஓங்கினார். அவர் வாய் இல்லை என்றது. உடம்பு வேறு சொன்னது. ஒன்றுக்கு அடைத்துக்கொண்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிஸ்டர் வந்தார். நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார், விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். அப்புறம் அட்டையை எடுத்தார். "யூரின் போயிருக்கார். அப்போ அது இல்லே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரும் முதலில் அதையே கேட்டார் போல. "பாஸிங், டாக்டர். ரெண்டு தடவை. பேனால இருக்கு" என்று சிஸ்டர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆளை அமைதிப்படுத்த ஓர் ஊசி போடுங்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று டாக்டர் சொன்னாராம். சிஸ்டர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார்.

உங்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. சிறுநீர்ப்பை நிறைந்து வெடிக்கிற நிலையில் இருக்கும் மனிதரைத் தூங்க வைத்துவிட்டால் கத்துவதற்குக்கூட ஆள் இருக்க மாட்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சிஸ்டர், நான் பாக்கலை" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் சுகுணா நின்றாள். அவள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் உயிர் பெரிதா, அவள் முன்னால் தலைகுனிவது பெரிதா என்ற இடத்தில் நான் தப்பான பக்கம் நின்றேன். பெரிய வார்த்தை எதுவும் போட்டு அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சுகுணாதான் சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வீட்டில் யாரும் செய்யத் துணியாத காரியம். "சிஸ்டர், ஒரே ஒரு தடவை வயித்தைத் தொட்டுப் பாருங்க. அட்டையைப் பாக்காதீங்க" என்றாள். பனியனை அவளே தூக்கினாள். தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி மேடு தட்டியிருந்தது. சிஸ்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு சிரிஞ்சைக் கீழே வைத்தார். கால் மணி நேரத்தில் டாக்டர் வந்து சிறுநீர் வெளியேறக் குழாய் போட்டார். ஐயாவின் முகம் மெல்லத் தளர்ந்தது. சுகுணாவின் கையை விடாமலே தூங்கிப்போனார்.

டாக்டர் போன பிறகு சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அட்டை அவர் மடியில் இருந்தது.

"பேனால எழுதியிருக்கியே, பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர்."

"கண்ணால?"

"கண்ணால."

சிஸ்டர் சுகுணா பக்கம் திரும்பித் தெலுங்கில் கேட்டார். "ரெண்டு மணியிலருந்து ஒன் கையிலதானே இருந்தார். ஏன் எங்கிட்ட வரலே?" சுகுணா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்புதான் சிஸ்டர்" என்றாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்ததும் சிஸ்டர் ஏஜெண்டிடம் என் பெயரைச் சொன்னார்.

ஜெயித்தவளுக்குப் பொறாமை அடங்கியிருக்க வேண்டும் இல்லையா? அடங்கவில்லை. கிளம்புகிற அன்று ஐயாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "டீச்சர், மகாராணி வந்தாச்சா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சிஸ்டர் வாசல் வரை வந்து, "அங்கே ஒனக்கு பாஷை தெரியாது. நல்லதுதான் மா" என்றார். ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே நான் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு எண்பத்தாறு வயது. ருமேனியாவில் பிறந்தவர். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லாததால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் விரலைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன், தினமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டினேன். எட்டு வருடமும் நான் செய்தது சுகுணாவின் வேலையைத்தான். என் வார விடுமுறைக்கு மாற்றாக வருகிற பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பார்த்து அந்த அம்மாள் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார். அதற்கும் எனக்கு எரியும். என் பெண்கள் இரண்டு பேரும் படித்து முடித்து அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலைக்குப் போனார்கள். அந்த அம்மாள் காலமான பிறகு ஊர் திரும்பி இந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சனத்நகர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாதம் நிர்வாகத்தில் கூப்பிட்டு, எனக்குப் பிறகு இங்கே வகுப்பெடுக்க நல்ல ஆள் ஒருவர் சனத்நகரில் இருப்பதாகச் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று என்னையே அனுப்பினார்கள். தட்ட முடியவில்லை.

அதே பங்களா, சுவரில் புது பெயிண்ட். மேஜைக்குப் பின்னால் சுகுணா உட்கார்ந்திருந்தாள், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா மா, உக்காரு. எத்தினி வருஷம் ஆச்சு! சாயா குடிக்கிறியா?" என்றாள். தமிழில். அதுவும் வரதராஜன் ஐயாவின் தமிழ், அப்படியே. நான் போன பிறகு ஐயா நாலு வருடம் இருந்தாராம். அவரிடமே கற்றுக்கொண்டாளாம். என்னிடம் இருந்ததில் அவளிடம் இல்லாதது அந்த ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. அப்புறம் சொல்லிவிட்டேன். பார்க்காமல் பேனாவில் எழுதினேன், சிஸ்டரிடம் பொய் சொன்னேன், உன் இடத்தில் போனேன் என்று எல்லாவற்றையும்.

"தெரியும் மா. பேனாவுக்கு அடியில பென்சில் மினுங்குது, தெரியாதா? எனக்கு அப்பவே தெரியும். சிஸ்டருக்கும் தெரியும்."

"சிஸ்டருக்கா?"

"அன்னிக்கி சாயந்திரமே ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அட்டையை லைட்டுக்கு நேரா சாய்ச்சு காட்டினாங்க. 'நீ போயிட்டா இவங்கள யாரு பாப்பாங்க? நீ எனக்கு வேணும். அவ போவட்டும்'னாங்க. நான் கால்ல விழுந்து அழுதேன். என் பொண்ணுக்காக போணும் சிஸ்டர்னேன். நக்கோன்னுட்டாங்க." டீயை ஒரு வாய் குடித்தாள். "ரெண்டு வருஷம் அவங்க கூட சரியா பேசல நான். ஒன் மேல கோவம் வந்தாலும் நீ கிட்ட இல்லியே, அவங்க கிட்டதான் சண்டை போட்டேன். கடைசில சிஸ்டர் படுத்தப்போ நான்தான் பாத்துக்கிட்டேன். இந்த வீட்ட எங்கிட்ட குடுத்துட்டு போயிட்டாங்க."

நான் ஏமாற்றி ஜெயித்ததாகப் பத்து வருடத்துக்கு மேல் உறுத்திக்கொண்டிருந்தேன். என்னை வேண்டாம் என்று கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பொய் சொல்கிறவள் என்று தெரிந்தே ஒரு கிழவியிடம் என்னை அனுப்பியதும், போக வேண்டியவளைப் பிடித்து வைத்துக்கொண்டதும் சிஸ்டர் செய்த தப்பு. அதை நான் இன்றும் சொல்வேன். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. "நீ எனக்கு வேணும்" என்று சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். போகிற இடத்தில் பாஷை தெரியவில்லை என்று பயப்படாதீர்கள். தெரிகிற இடத்தில் கொஞ்சம் பயப்படுங்கள். பக்கத்தில் இருப்பவள் உங்களைவிட நன்றாகச் செய்தால் எரியத்தான் செய்யும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. எரிகிற நேரத்தில் அட்டையைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், ஊசி உள்ளே போவதற்கு முன்னாலாவது வாயைத் திறந்துவிடுங்கள்.

திங்கட்கிழமையிலிருந்து சுகுணா வருகிறாள். நான் இதையெல்லாம் எழுதித் தரப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "கைக்கு மா, பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள். அவளாக உங்களிடம் ஒரு நாளும் சொல்ல மாட்டாள், அதனால்தான் நான் சொல்லிவிட்டேன். முதல் நாள் அவளை மேடம் என்று கூப்பிடுவீர்கள். இரண்டாம் வாரத்துக்குள் அக்கா என்பீர்கள். என்னை மூன்று மாதமாக ஒருவர்கூட அப்படிக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று அதை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு இனித் தெம்பில்லை. சனிக்கிழமை மாலையே சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.